ப்ரோக்ரெசிவ் ராக், மெட்டல் இசையின் நுட்பத்தைக் காதால் பிடிப்பது எப்படி?

ப்ரோக்ரெசிவ் ராக் அல்லது ப்ரோக்ரெசிவ் மெட்டல் இசையை முதன்முறை கேட்பவர்கள் பெரும்பாலும் கிடார் வாசிப்பவரின் விரல் வேகத்தைப் பார்த்துத்தான் வியக்கிறார்கள். அந்த வியப்பில் தவறில்லை. ஆனால் இந்த இசையில் வேகம் மிக எளிதில் கண்ணில் படுகிற பகுதி மட்டுமே. சீரான அடியை ஒலித்துக்காட்டும் மெட்ரோனோம் கருவியை வைத்துக்கொண்டு விடாமல் சாதகம் செய்பவருக்குச் சில ஆண்டுகளில் அது ஓரளவு கைவந்துவிடும். ஒரே உடலில் இரண்டு வெவ்வேறு கணக்குகளை ஓடவிடுவது, ஏழு எண்ணிக்கையில் அமைந்த தாளத்தை அது ஏழு என்று தெரியாமலேயே கேட்பவர் தலையாட்டும்படி வாசிப்பது, இருபது நிமிடப் பாடலின் தொடக்கத்தில் விட்ட இழையை முடிவில் வேறு நிறத்தில் எடுத்துக் கட்டுவது ஆகியவற்றில்தான் இந்த இசைக்கலைஞர்களின் பெருந்திறமை இருக்கிறது. அதைப் பிடிக்கக் காதுக்குச் சற்றே பழக்கம் வேண்டும். இசைக்குறியீடு படிக்கத் தெரிய வேண்டியதில்லை. தொடையில் தாளம் போடத் தெரிந்தால் போதும்.

கேட்கத் தொடங்குமுன் சிறிது பின்னணி. 1969 அக்டோபரில் வெளிவந்த கிங் கிரிம்சன் குழுவின் முதல் ஆல்பத்தை இந்த வகையின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றாகப் பலரும் கருதுகிறார்கள். அதைத் தொடர்ந்து இங்கிலாந்தில் யெஸ், ஜெனிசிஸ், ஜென்டில் ஜயன்ட் ஆகிய குழுக்களும், கனடாவில் ரஷ் குழுவும், மூன்று நிமிடப் பாடல் என்ற அளவை உடைத்து, மேற்கத்திய செவ்விசையிலிருந்தும் ஜாஸிலிருந்தும் எடுத்துக்கொண்ட கட்டுமானங்களை ராக் இசைக்குள் கொண்டுவந்தன. மெட்டல் இசையின் கனத்த ஒலியோடு இந்தக் கட்டுமானங்கள் சேர்ந்தது 1980களில். பாஸ்டன் நகரின் பெர்க்லி இசைக்கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மூன்று மாணவர்கள் 1985இல் தொடங்கிய குழுதான் பின்னர் ட்ரீம் தியேட்டர் என்று பெயர் பெற்றது. ஸ்வீடனின் ஊமியோ நகரத்தில் 1987இல் தோன்றிய மெஷுகா முற்றிலும் வேறொரு திசையில் போனது. இந்த இரு குழுக்களையும் அடுத்தடுத்துக் கேட்டால், நுட்பம் என்ற ஒரே பெயருக்குள் எவ்வளவு வேறுபட்ட இரண்டு சாதனைகள் அடங்கியிருக்கின்றன என்பது புரியும். அதைப் பின்னால் விரிவாகப் பார்ப்போம்.

முதலில் எண்ணிப் பழகுங்கள்

பெரும்பாலான ராக், பாப், திரையிசைப் பாடல்கள் நான்கு எண்ணிக்கையில் சுழல்கின்றன. நம் உடல் அதற்குப் பழகிப்போயிருப்பதால் எண்ண வேண்டிய தேவையே எழுவதில்லை. ப்ரோக்ரெசிவ் இசையில் அந்த நான்கு அடிக்கடி காணாமல் போகும். காலால் தட்டிக்கொண்டே வரும்போது ஏதோ ஓர் இடத்தில் அடி இடறினால், அந்த இடத்தில்தான் கவனித்துக் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது. முன்பின் தள்ளிப்போடாமல் பாடலை அங்கேயே நிறுத்தி, பத்து விநாடி பின்னுக்கு ஓட்டி, மறுபடி கேளுங்கள்.

எண்ணும் முறை எளியது. பாடலில் சீராக ஓடும் மிகச் சிறிய அடியை முதலில் கண்டுபிடியுங்கள்; டிரம்ஸில் ஹை-ஹாட் எனப்படும் சோடி உலோகத் தட்டுகளான சிம்பலில் விழும் தட்டு பெரும்பாலும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு திரும்பத் திரும்ப வரும் கிடார் அல்லது பேஸ் சொற்றொடரை, அதாவது ரிஃப்பை, அடையாளம் காணுங்கள். அது தொடங்கும் இடத்திலிருந்து மறுபடி தொடங்கும் இடம் வரை எத்தனை சிறிய அடிகள் விழுகின்றன என்று எண்ணினால் விடை கிடைத்துவிடும். ஒன்று, இரண்டு என்று எண்ணுவதைவிடச் சொல்கட்டில் எண்ணுவது நல்லது என்பது என் அனுபவம். ஐந்துக்குத் தக தகிட, ஏழுக்குத் தகிட தகதிமி, ஒன்பதுக்குத் தகதிமி தக தகிட என்று வாயில் ஓடவிட்டால், எண்ணை நினைவில் வைத்திருக்கும் சுமை குறைந்து காது பாட்டிலேயே இருக்கும். இது நாமாகப் போட்டுக்கொண்ட முடிச்சு அன்று. மஹாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்ற ஜாஸ்-ராக் குழுவை 1971இல் தொடங்கிய ஜான் மெக்லாக்லின், வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர். பின்னர் சக்தி குழுவில் எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் வாசித்தவர். டூல் குழுவின் டிரம்ஸ் கலைஞர் டேனி கேரி தபலா பயின்றவர். நம் லயக் கணக்கு இந்த இசையின் உள்ளேயே ஏற்கெனவே நடமாடிக்கொண்டிருக்கிறது.

தொடங்குவதற்குப் பிங்க் ஃப்ளாய்டின் 1973ஆம் ஆண்டுப் பாடலான 'மணி' மிகப் பொருத்தமானது. காசு விழும் ஓசை, கல்லாப்பெட்டி திறக்கும் ஓசை, காகிதம் கிழியும் ஓசை என்று ஏழு ஒலிகளைத் தனித்தனியாகப் பதிவு செய்து, ஒலிநாடாவை ஒரே நீளத் துண்டுகளாக வெட்டி ஒட்டி வளையமாக்கி ஓடவிட்டிருக்கிறார்கள். அந்த ஏழு ஒலிகளே பாடலின் தாளம். பேஸ் கிடார் உள்ளே வந்ததும் ஒவ்வோர் அடிக்கும் ஓர் எழுத்தாகத் தகிட தகதிமி சொல்லிப் பாருங்கள்; சரியாக வந்து பொருந்தும். சாக்சஃபோன் தனி வாசிப்பும் இந்த ஏழிலேயே நடக்கிறது. அதன் பிறகு கிடார் தனி வாசிப்பு தொடங்கும்போது தாளம் நான்குக்கு மாறிவிடுகிறது. அந்தக் கணத்தில் ஒரு குறுகிய சந்திலிருந்து அகன்ற சாலைக்கு வந்துவிட்டது போன்ற விடுதலை ஏற்படும். தாளத்தை மாற்றுவது கணக்குக்காக மட்டும் செய்யும் வேலை அல்ல, கேட்பவரின் உடல் உணர்வையே அதனால் திருப்ப முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. உலகெங்கும் கோடிக்கணக்கானவர்கள் ஏழில் அமைந்த ஒரு பாடலை, அது ஏழு என்ற எண்ணமே இல்லாமல் முணுமுணுக்கிறார்கள். நுட்பத்தின் உச்சங்களில் ஒன்றாக இதை நான் கருதுவது அதனால்தான்.

குறிலும் நெடிலுமாக ஒரு தொடக்கம்

அடுத்ததாக, ரஷ் குழு 1981இல் வெளியிட்ட 'ஒய் ஒய் இசட்' என்ற வாத்திய இசையின் முதல் சில விநாடிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பெயர் டொரான்டோ விமான நிலையத்தின் குறியீடு. விமானிகளுக்காக அந்த நிலையம் தன் குறியீட்டை மோர்ஸ் தந்தி ஒலியாக ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். அந்த ஒலியின் நடையையே ரஷ் குழுவினர் பாட்டின் தாளமாக்கிவிட்டார்கள்.

தந்திக் குறியீட்டில் கோடு நீளமானது, புள்ளி குறுகியது. கோட்டை நெடிலாகவும் புள்ளியைக் குறிலாகவும் வைத்து, நெடிலுக்கு இரண்டு மாத்திரை, குறிலுக்கு ஒரு மாத்திரை என்று நம் இலக்கணப்படியே எண்ணலாம். ஒய் என்ற எழுத்து கோடு, புள்ளி, கோடு, கோடு. அதாவது 'தா த தா தா', ஏழு மாத்திரை. அது இரண்டு முறை வருகிறது. இசட் என்ற எழுத்து கோடு, கோடு, புள்ளி, புள்ளி. அதாவது 'தா தா த த', ஆறு மாத்திரை. ஏழும் ஏழும் ஆறும் சேர்ந்து 20 மாத்திரை. இரண்டு மாத்திரைக்கு ஓர் அடி என்று கொண்டால் ஒரு சுற்றுக்குப் பத்து அடி. இசைத்தாளில் இதைப் பத்தின்கீழ் எட்டு என்று எழுதுகிறார்கள். முதலில் டிரம்ஸ் கலைஞர் நீல் பியர்ட் சிறு மணி போன்ற உலோக வட்டுகளில் இதைத் தட்டுவார். பிறகு கிடாரும் பேஸும் டிரம்ஸும் ஒன்றாக அதே நடையைப் பிடித்துக்கொள்ளும். நான்கைந்து முறை வாயால் சொல்லிப் பழகிய பின் பாட்டைப் போட்டுக் கூடவே சொல்லுங்கள். சொல் தவறாமல் ஒரு சுற்றை முடித்துவிட்டால், அந்த மூவரும் ஒரே மூச்சில் வாசிப்பதன் அருமை உங்கள் நாக்குக்கே தெரிந்துவிடும்.

டூல் குழுவின் 2001ஆம் ஆண்டுப் பாடல் 'ஸ்கிஸம்' இதற்கு அடுத்த படி. அதன் முதன்மை ரிஃப்பில் ஐந்தும் ஏழும் மாறி மாறி வருகின்றன. கூட்டினால் பன்னிரண்டு, நான்கு மூன்றுகளாகவோ மூன்று நான்குகளாகவோ எவ்வித இடறலும் இல்லாமல் வாசித்திருக்கக்கூடிய எண் அது. அவர்கள் அதை ஐந்து, ஏழு என்று உடைத்ததால் அழுத்தம் விழும் இடம் ஒவ்வொரு முறையும் கேட்பவர் எதிர்பார்க்கும் இடத்துக்கு முன்போ பின்போ போய் விழுகிறது. அந்தப் பாட்டு முழுவதும் ஒருவித நிம்மதியின்மை இழையோடுவதற்கு இதுவே காரணம். பிரிவைப் பற்றிய அந்தப் பாட்டுக்குப் பிளந்துகிடக்கும் தாளம் பொருந்தித்தான் இருக்கிறது.

இரண்டு வகைக் கடினம்

எண்ணுவது ஓரளவு பழகிய பிறகு, இந்த இசையின் லயச் சிக்கல்கள் அனைத்தும் பெரும்பாலும் இரண்டு வகைக்குள் அடங்குவதைக் காண்பீர்கள். ஒன்றில் தாளமே மாறிக்கொண்டிருக்கும். எல்லா வாத்தியங்களும் சேர்ந்து அதோடு மாறும். மற்றொன்றில் தாளம் அசையாமல் நிற்கும். அதன் மேல் ஓடும் சொற்றொடர் மட்டும் வேறொரு நீளத்தில் சுழன்றுகொண்டிருக்கும். கேட்கும்போது முதலில் இந்த இரண்டில் எது நடக்கிறது என்று முடிவு செய்யுங்கள். அதன் பிறகு எதைப் பின்தொடர வேண்டும் என்பது தானாகவே விளங்கும்.

முதல் வகைக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, ட்ரீம் தியேட்டரின் 1999ஆம் ஆண்டு ஆல்பத்தில் உள்ள 'தி டான்ஸ் ஆஃப் எடர்னிட்டி'. ஆறு நிமிடத்தைச் சற்றே தாண்டும் அந்த வாத்திய இசையில் தாளம் நூறு முறைக்கு மேல் மாறுகிறது. இதை முழுமையாக எண்ண முயலாதீர்கள். அது தேவையும் இல்லை. ஒரே ஒரு நிமிடத்தை எடுத்துக்கொண்டு, காணொளித் தளங்களில் உள்ள வேகக் குறைப்பு வசதியால் அதை முக்கால் வேகத்துக்கோ அரை வேகத்துக்கோ இறக்கி, எங்கெங்கே சொற்றொடர் முடிந்து புதியது தொடங்குகிறது என்று மட்டும் கைதட்டுங்கள். வாசிக்கும் நான்கு பேரும் அந்த ஒவ்வொரு முனையிலும் ஒன்றாகத் திரும்புகிறார்கள். அவர்கள் எண்ணிக்கொண்டு வாசிப்பதில்லை, எண்ண நேரமும் இருக்காது. முழுப் பாட்டையும் பேச்சு வாக்கியங்கள் போல மனப்பாடம் செய்திருக்கிறார்கள். அந்த நினைவாற்றலும், ஒருவர் வழுவினால் அனைவரும் வழுவும் அபாயத்தில் ஒருவரை ஒருவர் நம்பும் கூட்டிசைவும்தான் இங்கே வியக்க வேண்டியவை. நடுவில் ஓரிடத்தில் கனத்த மெட்டல் ஒலி சட்டென்று விலகி, பழைய அமெரிக்க ராக்டைம் பாணியில் பியானோ துள்ளி ஓடும். அந்தத் திருப்பத்தை எத்தனை முறை கேட்டாலும் என் முகம் மலர்ந்துவிடும்.

இரண்டாம் வகையை விளங்கிக்கொள்ள ஒரு கைப்பயிற்சி உதவும். வலக்கையால் மேசையில் சீராகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நான்கு தட்டுக்கு ஒருமுறை, முதல் தட்டைச் சற்று ஓங்கித் தட்டுங்கள். இப்போது அதே வேகத்தில் ஒரு தட்டுக்கு ஓர் எழுத்தாக வாயால் தக தகிட, தக தகிட என்று சொல்லுங்கள். கை நான்கில் சுழல்கிறது, வாய் ஐந்தில் சுழல்கிறது. முதல் சுற்றுக்குப் பிறகு இரண்டின் தொடக்கமும் விலகிப்போகும். விடாமல் தொடர்ந்தால் 20 தட்டுகள் முடிந்ததும் இரண்டும் மறுபடி ஒரே இடத்தில் வந்து சேரும். சமத்துக்கு வந்து சேரும் அந்த நிறைவைத் தனி ஆவர்த்தனம் கேட்டவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மெஷுகாவின் இசை பெருமளவு இந்த ஒரே கருத்தின் மேல் எழுப்பப்பட்டது. டிரம்ஸ் கலைஞர் தோமஸ் ஹாக்கேயின் கைகள் சிம்பலிலும், ஸ்நேர் என்ற சிறு டிரம்மிலும் நான்கை மிக எளிமையாக, ஒரு தொடக்கநிலை மாணவர் வாசிப்பது போல வாசிக்கும். அவருடைய பாதங்களோ கிடார்களோடு சேர்ந்துகொண்டு, 17, 23, 25 போன்ற நீளமுள்ள சுழற்சிகளில் அந்த நான்கைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போகும். எட்டு அல்லது பதினாறு சுற்றுகள் முடியும் இடத்தில், மீதமிருக்கும் சொற்றொடரை நறுக்கிவிட்டு அனைத்தும் ஒன்றாக மீண்டும் தொடங்கும். எடுத்துக்காட்டாக, நான்கின் ஒவ்வோர் அடியையும் நான்கு சிறிய அடிகளாகப் பிரித்துக் கணக்கிட்டால் ஒரு சுற்றுக்குப் பதினாறு, எட்டுச் சுற்றுகளில் 128 அடிகள் உண்டு. 25 அடி கொண்ட சொற்றொடர் ஐந்து முறை வந்தால் 125. மிஞ்சும் மூன்று அடிகளில் சொற்றொடரின் தலை மட்டும் வந்து நறுக்கப்பட்டுவிடும். கணக்கை முன்கூட்டியே அமைத்து முழுச் சொற்கட்டாக வந்து இறங்கும் நம் கோர்வைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. அந்த வெட்டு திடீரென்று ஒரு கதவு அறைந்து சாத்தப்படுவது போல விழுவதால், அடுத்த சுற்றின் முதல் அடிக்குப் பெரும் கனம் கிடைக்கிறது.

இதைக் கேட்கும் வழி: முதலில் சிம்பலை மட்டும் பிடித்துக்கொண்டு தலையாட்டுங்கள். கிடார் எவ்வளவு இழுத்தாலும் போகாதீர்கள். அது உறுதியான பிறகு, மறுமுறை சிம்பலை முற்றிலும் மறந்து கிடாரின் சுழற்சியை மட்டும் பின்தொடருங்கள். மூன்றாம் முறை தலையைச் சிம்பலுக்கும் காதைக் கிடாருக்கும் கொடுங்கள். இந்த மூன்றாம் நிலை வாய்க்கச் சிலருக்கு ஒரு வாரம் ஆகலாம், சிலருக்கு ஒரு மாதம் ஆகலாம். வாய்த்த பிறகு அதுவரை இரைச்சலாகக் கேட்ட இசை கண்ணெதிரே கட்டடமாக எழுந்து நிற்கும்.

அக்குழுவின் 2008ஆம் ஆண்டுப் பாடலான 'ப்ளீட்' இன்னும் ஒரு படி கடினம். அதன் முதன்மை நடையில் மூன்று சம அடிகளில் முதல் அடி மட்டும் இரண்டாகப் பிளந்து வருகிறது. மூன்று அடிக்கு நான்கு தட்டுகள். 'தர' என்பதை ஓர் எழுத்தின் நேரத்துக்குள் அடக்கி 'தர கி ட, தர கி ட' என்று விரைவாகச் சொல்லிப் பார்த்தால் அதன் ஓட்டம் தெரியும். இதைக் கையால் வாசிப்பதே சிரமம். ஹாக்கே இதைக் கால்களால், பாஸ் டிரம்மில், ஏழு நிமிடங்களுக்கு மேல் நீளும் பாட்டில் வாசிக்கிறார். மேலே கைகள் அசையாமல் நான்கைக் காத்து நிற்கின்றன.

இதே கருத்தை மென்மையாகக் கையாண்ட பழைய இசையும் உண்டு. ஜெனிசிஸ் குழுவின் 1972ஆம் ஆண்டு நெடும்பாடலான 'சப்பர்ஸ் ரெடி'யில் ஒன்பது எண்ணிக்கைப் பகுதி ஒன்று வருகிறது. பேஸும் கிடாரும் டிரம்ஸும் மூன்று, இரண்டு, நான்கு என்று பிரித்த ஒன்பதை மந்திரம் போல மாற்றாமல் வாசித்துக்கொண்டே இருக்க, அதன் மேல் டோனி பேங்க்ஸ் தன் ஆர்கனில் அந்த ஒன்பதைச் சட்டை செய்யாத நீளங்களில் சொற்றொடர்களைப் பின்னிக்கொண்டே போகிறார். கிங் கிரிம்சன் 1981இல் வெளியிட்ட 'ஃப்ரேம் பை ஃப்ரேம்' பாடலிலோ ராபர்ட் ஃப்ரிப், ஏட்ரியன் பெலூ ஆகிய இருவரின் கிடார்களும் ஏழடிச் சொற்றொடரில் ஒன்றாகத் தொடங்குகின்றன. பிறகு ஒன்று பதினான்கு அடிக்கு ஒருமுறை சுற்ற, மற்றது ஓர் அடியைக் கைவிட்டுப் பதின்மூன்றிலேயே திரும்பிவிடுகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே ஒரு சுரம் என்ற அளவில் இரண்டும் விலகி, மெல்ல மெல்ல மீண்டும் கூடுகின்றன. ஹெட்ஃபோன் அணிந்து, இரவில், குறைந்த ஒலியில் கேட்க வேண்டிய பகுதி இது.

ஒரு முறைக்கு ஒரு வாத்தியம்

லயத்தைப் பற்றி இவ்வளவு எழுதியதற்குக் காரணம், இந்த இசையின் நுட்பத்தில் பெரும்பகுதி அங்கேதான் புதைந்திருக்கிறது என்று நான் நம்புவதுதான். மற்றவற்றைக் கேட்க ஒரே பழக்கம் போதும்: ஒரு பாட்டை ஒரு முறை கேட்டால் ஒரு வாத்தியத்தை மட்டும் கேளுங்கள். யெஸ் குழுவின் 1971ஆம் ஆண்டுப் பாடலான 'ரவுண்டபவுட்'டில் க்ரிஸ் ஸ்க்வயரின் பேஸை முதலிலிருந்து முடிவு வரை தொடருங்கள். சாதாரண ராக் பாட்டில் பேஸ் அடித்தளத்தில் நின்று சுரத்தைத் தாங்கும். இங்கே அது தனக்கென ஒரு மெட்டையே பாடிக்கொண்டு போகிறது. ரஷ் குழுவில் கெடி லீ அத்தகைய பேஸை வாசித்துக்கொண்டே பாடுவார், காலால் பெடல்களை மிதிப்பார், இடையில் கீபோர்டுக்கும் தாவுவார். மூன்றே பேர் எப்படி இவ்வளவு ஒலி எழுப்புகிறார்கள் என்ற கேள்விக்கு விடை அதுதான்.

குரல்களுக்கு ஜென்டில் ஜயன்ட். 1972இல் அவர்கள் பாடிய 'நாட்ஸ்' என்ற பாட்டில் பல குரல்கள் ஒன்றன் சொல்லை மற்றொன்று பாதியில் வெட்டிக்கொண்டு, மறுமலர்ச்சிக் கால ஐரோப்பியப் பல்குரல் பாடல்களின் முறையில் பின்னிக்கொள்கின்றன. முதல் தடவை குழப்பமாகவே இருக்கும். ஒரே குரலைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை ஒதுக்கிக் கேட்டால் முடிச்சு அவிழும்.

கிடாருக்கு வருவோம். மெட்டல் இசையின் ஒலித் திரிபு, அதாவது டிஸ்டார்ஷன், ஒரு வாத்தியக்காரரின் வேலையை எளிதாக்குவதுபோலத் தோன்றினாலும் உண்மையில் கடினமாக்குகிறது. திரிபு கூடக் கூடச் சிறிய ஒலியும் பெரிதாகக் கேட்கும். தொடாத தந்தியின் அதிர்வும், விரல் நகரும் உரசலும் கூட வெளியே வந்துவிடும். ஒரே நேரத்தில் பல சுரங்களை ஒலித்தால் அவை ஒன்றோடொன்று மோதிக் கலங்கிப்போகும். அதனால்தான் மெட்டல் கிடாரில் பெரும்பாலும் ஆதார சுரமும் பஞ்சமமும் மட்டும் சேர்ந்து ஒலிக்கின்றன. மெஷுகா வாசிக்கும் எட்டுத் தந்திக் கிடாரின் மிகத் தாழ்ந்த தந்தியில் இந்தச் சிக்கல் பன்மடங்காகிறது. ஆகவே அங்கே பெருந்திறமை ஒலியை நிறுத்துவதில் இருக்கிறது. வலக்கை உள்ளங்கையின் ஓரத்தால் தந்தியை அமுக்கி, ஒவ்வொரு தட்டுக்கும் பின் ஒலியை உடனே கொன்றுவிட வேண்டும். இரண்டு கிடார்களும் அதை ஒரே கணத்தில் செய்ய வேண்டும். தட்டுகளுக்கு இடையில் உள்ள அமைதி எவ்வளவு தூய்மையாக இருக்கிறது என்று கவனியுங்கள். நல்ல குழுவையும் சுமாரான குழுவையும் பிரித்தறிய எனக்குத் தெரிந்த மிக நம்பகமான சோதனை அதுவே. வேகமான தனி வாசிப்பிலும் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் காதில் விழுகிறதா, அல்லது ஒன்றாகக் குழைந்துவிடுகிறதா என்று பாருங்கள். அனிமல்ஸ் ஆஸ் லீடர்ஸ் குழுவின் டோசின் அபாசி, பேஸ் கிடாரில் கட்டைவிரலால் அறைந்து வாசிக்கும் முறையை எட்டுத் தந்திக் கிடாருக்குக் கொண்டுவந்து, தாளத்தையும் மெட்டையும் ஒரே கையில் எழுப்புகிறார். அவருடைய வாசிப்பைக் காதால் கேட்ட பிறகு காணொளியாகவும் பாருங்கள்.

நீண்ட பாடலில் இழையைப் பிடித்தல்

நெடும்பாடல்களைக் கேட்கும்போது பலர் பாதியில் கவனம் சிதறி, இதெல்லாம் துண்டு துண்டான இசையை ஒட்டிய வேலை என்று விட்டுவிடுகிறார்கள். துண்டுகளை ஒட்டியது உண்மையே. யெஸ் குழு 1972இல் வெளியிட்ட 'க்ளோஸ் டு தி எட்ஜ்' இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் நிரப்பிய 18 நிமிடப் பாடல். அதைப் பகுதி பகுதியாகப் பதிவு செய்து, நாடாவை வெட்டி ஒட்டித்தான் உருவாக்கினார்கள். ஆனால் ஒட்டப்பட்ட பகுதிகளுக்குள் ஓர் இழை ஓடுகிறது. நான்கு பகுதிகள் கொண்ட அந்தப் பாட்டில், முதல் பகுதியில் வரும் குரல் மெட்டை மனத்தில் நன்றாகப் பதிய வைத்துக்கொள்ளுங்கள். தேவையானால் அந்தப் பகுதியை மட்டும் இரண்டு மூன்று நாட்கள் கேளுங்கள். பிறகு முழுப்பாட்டையும் ஒரே அமர்வில் கேளுங்கள். மூன்றாம் பகுதியில் வேகம் முற்றிலும் தணிந்து, குரல்கள் மெல்ல அடுக்கடுக்காக வந்து, ரிக் வேக்மன் ஒரு லண்டன் தேவாலயத்தின் பைப் ஆர்கனில் வாசித்த பெருமுழக்கத்துக்கு இட்டுச்செல்லும். அதைக் கடந்து நான்காம் பகுதியில் முதல் பகுதியின் மெட்டு திரும்பி வரும்போது, இடையில் நடந்த அனைத்தையும் சுமந்துகொண்டு வருவதால் அதே மெட்டு வேறொன்றாகக் கேட்கும். இந்த விளைவை மூன்று நிமிடப் பாட்டில் உண்டாக்க வழியே இல்லை. அதற்கு அந்த நீளம் வேண்டும்.

அக்காலத்துக் கருவிகளின் வரம்பையும் நினைவில் கொள்வது நல்லது. 1970களின் ப்ரோக்ரெசிவ் ராக்கில் வயலின் கூட்டம் போல ஒலிக்கும் மெலட்ரான் என்ற கீபோர்டில், ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு துண்டு ஒலிநாடா இருந்தது. கட்டையை அழுத்தினால் நாடா ஓடும். சுமார் 8 விநாடிகளில் நாடா தீர்ந்து ஒலி நின்றுவிடும். ஆகவே நீண்டு ஒலிக்கும் சுரக்கோவைகளை வாசிப்பவர், கேட்பவருக்குத் தெரியாமல் விரல்களை மாற்றி மாற்றி எடுத்து வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஜெனிசிஸின் 'வாச்சர் ஆஃப் தி ஸ்கைஸ்' பாடலின் தொடக்கத்தில் இந்தக் கருவியைத் தனியாகக் கேட்கலாம்.

வெற்று வித்தையை எப்படி இனம்காண்பது

கடினமான எல்லாமும் நல்ல இசை ஆகிவிடாது. இந்த வகையிலும் சுரங்களைக் கொட்டிவிட்டு எதையும் சொல்லாமல் போகும் பாடல்கள் நிறைய உண்டு. அதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: சிக்கலான அந்தப் பகுதியை எடுத்துவிட்டு அதன் இடத்தில் எளிமையான நான்கைப் போட்டால் பாட்டு எதையாவது இழக்குமா? 'மணி'யின் ஏழை நான்காக்கினால் அந்தப் பாட்டின் நடையழகு போய்விடும். 'ஸ்கிஸம்' தன் பதற்றத்தை இழந்துவிடும். மெஷுகாவிடம் எதுவுமே மிஞ்சாது. இழப்பு எதுவும் தெரியாத இடத்தில் அந்தச் சிக்கல் வெறும் அலங்காரம் என்று தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள்.

இன்னொரு சோதனை மேடைப் பதிவு. இன்று கணினியில் ஒவ்வொரு தட்டையும் நகர்த்திச் சரிசெய்துவிட முடியும் என்பதால், ஸ்டூடியோ ஆல்பத்தை மட்டும் வைத்து வாசிப்பவரின் கைத்திறமையை அளக்கக் கூடாது. விரும்பும் குழுவின் அதே பாட்டை மேடையில் வாசித்த பதிவோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். இங்கே கிங் கிரிம்சனின் 'ஃப்ராக்சர்' நினைவுக்கு வருகிறது. 1974இல் ஆல்பத்தில் வெளிவந்த இந்தப் பதினொரு நிமிட வாத்திய இசை, உண்மையில் 1973 நவம்பரில் ஆம்ஸ்டர்டாம் நகரின் கான்செர்ட்கெபௌ அரங்கில் மேடையில் வாசிக்கப்பட்டு, பார்வையாளர் ஓசை நீக்கப்பட்ட பதிவு. அதன் நடுப்பகுதியில் ராபர்ட் ஃப்ரிப் மூச்சுவிட இடமில்லாமல், சம இடைவெளியில், தந்திக்குத் தந்தி தாவும் சுரங்களை நிமிடக்கணக்கில் ஒரே சீராக வாசிக்கிறார். ஓசை சன்னமாக இருப்பதால் ஒரு சுரம் தடுமாறினாலும் ஒளிந்துகொள்ள இடமில்லை. முதல் முறை வேகத்தைக் கேளுங்கள். இரண்டாம் முறை, ஒவ்வொரு தட்டின் அழுத்தமும் அடுத்ததற்கு எவ்வளவு சமமாக இருக்கிறது என்று கேளுங்கள். மூன்றாம் முறை கிடாரை விட்டுவிட்டு, அந்த ஓட்டத்துக்குக் கீழே பில் புரூஃபோர்ட் டிரம்ஸில் எங்கெல்லாம் வாசிக்காமல் காத்திருக்கிறார் என்று கேளுங்கள்.